ஒரே வீட்டில் வளர்ந்தவர்களாகத் தெரிய வேண்டும்: மாணவர் திகில் படங்களில் அக்கா தங்கை, அண்ணன் தம்பி பாத்திரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்கள் எடுக்கும் திகில் குறும்படங்களில் ஒரு ஜோடி அடிக்கடி வரும். அக்கா துணிந்தவள், தங்கை பயந்தவள். அல்லது அண்ணன் எதையும் நம்பாதவன், தம்பி இருட்டில் எதையோ பார்க்கிறவன். பத்து நிமிடப் படத்துக்கு இது நல்ல தேர்வுதான். பாத்திரங்கள் குறைவு, ஒரே வீட்டுக்குள் கதையை முடித்துவிடலாம், உறவை விளக்க நேரம் வேண்டியதில்லை. ஆனால் முடிந்த படத்தைப் பார்த்தால், அந்த இருவரும் படப்பிடிப்பு நாளன்றுதான் முதன்முறை சந்தித்தவர்கள் போல இருக்கிறார்கள். தங்கை காணாமல் போனால் அக்காவுக்கு என்ன போயிற்று என்று நமக்குத் தோன்றிவிட்டால், அதற்கப்புறம் எந்தப் பேயாலும் நம்மைப் பயமுறுத்த முடியாது.

இதற்குக் காரணமான தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. இருவரும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று நிறைய யோசிக்கிறோம். இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை.

தனித்தனியாக ஆடிஷன் வைப்பது

துணிந்தவள் பாத்திரத்துக்கு வந்தவர்களில் சிறந்தவர் ஒருவர், பயந்தவள் பாத்திரத்துக்குச் சிறந்தவர் ஒருவர் என்று தேர்வு செய்து, பிறகு இருவரையும் ஒன்றாக நிற்க வைப்பதுதான் வழக்கம். இருவருமே நன்றாக நடிப்பார்கள், ஆனால் தனித்தனியாக. இந்தப் பாத்திரங்களுக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, மாற்றி மாற்றி ஜோடி சேர்த்துப் பாருங்கள்.

அப்போது வசனம் கொடுக்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். ஒரு போர்வையை இருவரும் சேர்ந்து மடிக்கட்டும். ஒருவர் தலையை இன்னொருவர் பின்னிவிடட்டும். இருவருக்கும் ஒரே சார்ஜரைக் கொடுத்து அவசரம் என்று சொல்லுங்கள். அறிமுகமில்லாதவர்கள் மரியாதையாக நடந்துகொள்வார்கள். ஒரு கை தூரம் விட்டு நிற்பார்கள், மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்கள், பேசும்போது முகத்தைப் பார்ப்பார்கள். கூடப் பிறந்தவர்கள் அப்படி இல்லை. பார்க்காமலே பேசுவார்கள், கேட்காமலே எடுப்பார்கள், பாதியிலேயே பதில் சொல்வார்கள். இந்த உரிமை எந்த ஜோடியிடம் சீக்கிரம் வருகிறது என்று கவனியுங்கள். நடிப்பில் இரண்டாவது இடத்தில் இருந்தவர், ஜோடியாக நிற்கும்போது முதலிடத்துக்கு வருவது அடிக்கடி நடக்கும். அவரையே எடுங்கள்.

முகச்சாயல் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். நிஜத்திலேயே கூடப் பிறந்த பலருக்குச் சாயல் ஒத்துப்போவதில்லை. 1980-இல் வந்த ‘தி ஷைனிங்’ படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இறந்துபோன இரண்டு சிறுமிகளுக்கு எட்டு, பத்து வயது இருக்கும் என்று ஹோட்டல் மேலாளர் சொல்வார். அந்த வேடங்களில் நடித்தவர்கள் இரட்டையர்கள். ஒரே மாதிரி உடையில், கைகோத்து, தாழ்வாரத்தில் அவர்கள் நிற்கும்போது மேலாளர் சொன்ன வயது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. கண் பார்ப்பதுதான் நிற்கும், காது கேட்டது போய்விடும். ‘நீ என் தங்கைடி’ என்று ஒரு வசனம் வைத்து உறவைச் சமாளிக்க முடியாததும் அதனால்தான். இருவரிடமும் ஒரே பழக்கம் ஒன்று இருக்கட்டும். பதற்றத்தில் கழுத்தைத் தடவுவது, கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பது என்று ஏதோ ஒன்று. அதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம், பார்ப்பவர்களுக்கே புரியும்.

வயதை மேக்கப்பில் சரிசெய்துவிடலாம் என்று நம்புவது

கதையில் அண்ணனுக்குப் பதினெட்டு, தம்பிக்கு ஒன்பது. நடிக்கக் கிடைப்பவர்களோ ஒரே வகுப்பு நண்பர்கள். இங்கே மாற வேண்டியது திரைக்கதை. ஒன்றரை வயது இடைவெளி என்று எழுதிவிட்டால் செலவே இல்லை. அந்தச் சின்ன இடைவெளியில் போட்டியும் கூடும், அது திகிலுக்கு நல்லது.

உண்மையிலேயே குழந்தை வேண்டும் என்றால், பெற்றோரோ பாதுகாவலரோ முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். படப்பிடிப்பு நேரம் குறைவாக இருக்க வேண்டும், இரவுக் காட்சியைப் பகலில் ஜன்னலை மூடி எடுக்க வேண்டும். மேலே சொன்ன அதே படத்தில் நடித்த சிறுவனுக்கு, தான் ஒரு திகில் படத்தில் நடிப்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் முகத்தைத் தனி ஷாட்டாக எடுங்கள், பேய் வேடம் போட்டவரை வேறு நேரத்தில் எடுங்கள். எடிட்டிங்கில் இரண்டும் சேர்ந்துவிடும்.

குணத்தை உடையில் ஒட்டிவிடுவது

நல்லவளுக்கு வெள்ளை, கெட்டவளுக்குக் கறுப்பு. படிக்கிறவனுக்குக் கண்ணாடி, முரடனுக்குக் கலைந்த தலை. இதெல்லாம் வெறும் அடையாள அட்டைகள். வேறுபாடு செயலில் தெரிய வேண்டும். மாடியில் ஏதோ உருளும் சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணிந்தவள் மேலே ஓடுகிறாள். பயந்தவள் என்ன செய்கிறாள்? கண்ணை மூடி அலறினால் அவள் அங்கே இருப்பதற்கே அர்த்தமில்லை. எத்தனை படிகள், எந்தப் படி சத்தம் போடும், எந்தத் தாழ்ப்பாள் விழாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், ஏனென்றால் இத்தனை காலமும் பயந்து பயந்து கவனித்தவள் அவள்தான். இப்போது இரண்டு பேருமே கதைக்கு வேண்டியவர்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒருவர் குணம் இன்னொருவர் குணத்தைத் தீனி போட்டு வளர்க்க வேண்டும். 2001-இல் வந்த ‘தி அதர்ஸ்’ படத்தில், தம்பி பயப்படுகிறான் என்று தெரிந்தே அக்கா அவனிடம் வீட்டில் இருக்கும் இன்னொரு சிறுவனைப் பற்றிப் பேசுவாள். அவள் துணிச்சலில் ஒரு பங்கு அவன் பயத்திலிருந்து வருகிறது. இது உறவிலிருந்து பிறக்கும் வேறுபாடு, எந்த உடையாலும் இதைக் கொடுக்க முடியாது.

யாரைப் பேயாக்குகிறோம் என்று யோசிக்காதது

இரண்டு நடிகைகளில் நிறம் குறைந்தவருக்குத் தீய பாத்திரமும், சிவப்பாக இருப்பவருக்கு அப்பாவி வேடமும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அதனால்தான் இது ஆபத்து. பாத்திரங்களை முடிவு செய்தபின் ஒரு தரம் இடம் மாற்றிப் படிக்க வைத்துப் பாருங்கள்.

நடிகர் தேர்வில் சரியாக இருந்தாலும் லைட்டிங்கில் இதே தவறு திரும்ப வரும். இருவரும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது வெளிர் நிற முகத்துக்கு எக்ஸ்போஷர் (காமிராவுக்குள் போகும் ஒளியின் அளவு) வைத்தால், கருநிற முகம் நிழலில் மூழ்கிவிடும். நிழலில் இருக்கும் முகத்தைத் திகில் பட ரசிகர்கள் உடனே சந்தேகப்படுவார்கள், கதை அப்படிச் சொல்லாவிட்டாலும். முதன்மை விளக்கைக் கருநிற முகத்தின் பக்கம் நகர்த்துங்கள், வெளிர் முகத்தில் விழும் ஒளியைக் கறுப்புத் துணியால் கொஞ்சம் வெட்டுங்கள். படப்பிடிப்புக்கு முன்பே, உடையோடும் மேக்கப்போடும், இருவரையும் சேர்த்து டெஸ்ட் ஷாட் எடுத்துவிட வேண்டும்.

மனநோய், தழும்பு, உடல் குறைபாடு விஷயமும் இப்படித்தான். மாத்திரை சாப்பிடும் தம்பியைக் காட்டியவுடன் கொலைகாரன் அவன்தான் என்று நினைக்க வைப்பது சோம்பேறித்தனம். அதே மாத்திரையைச் சாப்பிடும் ஒருவர் அரங்கில் உட்கார்ந்திருப்பார். அந்த நோயை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எடுத்துவிடுங்கள்.

இருட்டில் யார் யார் என்று தெரியாமல் போவது

பகல் காட்சிகளில் இருவரும் தெளிவாக வேறுபடுவார்கள். விளக்கு அணைந்ததும் இரண்டு நிழல்கள்தான் மிஞ்சும். உயரம், தலைமுடி, உடையின் வெளிக்கோடு, நடை ஆகியவை அங்கேதான் உதவும். உயர வித்தியாசம் இருந்தால் பெட்டி போட்டுச் சமன் செய்யாதீர்கள், அது கிடைத்த வரம். குரலையும் பாருங்கள். ஆடிஷன் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு குரலும் ஒரே சுருதியில் இருந்தால், திரைக்கு வெளியிலிருந்து வரும் அலறல் யாருடையது என்று புரியாது. அந்தக் குழப்பமே கதைக்கு வேண்டும் என்றால் சரி, இல்லாவிட்டால் ஜோடியை மாற்ற வேண்டும்.

இருவரையும் ஒரே ஃபிரேமில் காட்டாதது

இருவருக்கும் ஒரே நாளில் நேரம் அமையாது. ஒருவர் பகுதியை இன்று, மற்றவர் பகுதியை அடுத்த வாரம் எடுத்து வெட்டி ஒட்டினால், படம் முழுக்க இரண்டு தனிமனிதர்கள்தான் இருப்பார்கள். இருவரும் சேர்ந்திருக்கும் ஷாட்களை முதல் நாளே எடுத்துவிடுங்கள், அதில் ஒன்றிலாவது ஒருவர் தோள்மேல் இன்னொருவர் சாய்ந்திருக்கட்டும். தொடக்கக் காட்சிகளில் இருவருக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம். பிளவு வந்தபின் ஒருவருக்கு அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ், மற்றவருக்கு நெருக்கமாகக் காட்டும் 85 மி.மீ. லென்ஸ் என்று பிரித்தால் அந்த விலகல் உறைக்கும். முதல் ஷாட்டிலிருந்தே பிரித்துவிட்டால் விலகுவதற்கு ஒன்றும் இருக்காது.

கடைசிச் சண்டையை ஒத்திகை இல்லாமல் எடுப்பது

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் ஒருவர் கழுத்தை மற்றவர் நெரிப்பதில் முடியும். நடிகர்கள் இயக்குநரின் நண்பர்கள், வலித்தாலும் சொல்லக் கூச்சப்படுவார்கள். கை தொண்டையில் படக் கூடாது, காறை எலும்பின்மேல் இருந்தால் போதும். காமிரா கோணம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அசைவு முழுவதும் நெரிபடுகிறவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். யார் சொன்னாலும் உடனே நிறுத்த ஒரு சொல்லை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அது வசனத்தில் வராத சொல்லாக இருக்கட்டும். செயற்கை ரத்தத்தையும் முகத்தில் ஒட்டும் பசையையும் முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.