பூட்டு திறக்க நம்பிக்கையான ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சாவியைத் தொலைத்துவிட்டு பூட்டுக்காரரைத் தேடுகிறவருக்குப் பேரம் பேச வாய்ப்பே இருக்காது. ராத்திரி ஒன்பது மணி, கையில் காய்கறிப் பை, தோளில் தூங்கி வழியும் பிள்ளை. அந்த நேரத்தில் யார் வந்து எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுவோம். அதனால் கீழே சொல்லும் வேலைகளில் முதல் மூன்றையும் சாவி கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

1. முதலில் உங்கள் பூட்டைப் பாருங்கள்

எல்லாப் பூட்டையும் ஒரே ஆள் திறக்க மாட்டார். பழைய வீடுகளில் தொங்குவது பெரும்பாலும் திண்டுக்கல் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூட்டுதான். உள்ளே சாவி திருப்பும்போது தூக்கப்படும் தகடுகள் (லீவர்) இருக்கும், சாவி கனமாக இருக்கும். புது வீடுகளில் கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு. அதன் சாவியில் பல்லுக்குப் பதிலாகக் குழி குழியாக இருந்தால் கடைக்காரர்கள் அதைக் 'கம்ப்யூட்டர் சாவி' என்பார்கள். லீவர் பூட்டில் கைதேர்ந்த பெரியவருக்கு இந்தச் சாவியை வெட்டும் மெஷின் இல்லாமல் இருக்கலாம். அது அவருடைய குறை இல்லை. யாரிடம் எதற்குப் போவது என்பதை நாம்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டில் உள்ள கம்பெனி பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாவியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பல்லின் அளவு படத்தில் தெளிவாகத் தெரிந்தால் அதை வைத்தே இன்னொரு சாவி அடிக்க முடியும். புது பைக்கோடு வரும் சாவி எண் தகட்டுக்கும் இதே கதைதான்.

2. விசாரிக்க வேண்டிய ஆட்கள்

ஹார்டுவேர் கடை, கதவு வேலை செய்யும் ஆசாரி, லாட்ஜ் மேனேஜர், டூவீலர் மெக்கானிக். இவர்களுக்கெல்லாம் பூட்டு திறக்கும் ஆள் அடிக்கடி தேவைப்படும். மூன்று பேரிடம் கேட்டு அதில் இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் போதும். பூட்டு வேலைக்கென்று நம் நாட்டில் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் பெட்டியைத் திறந்து உட்காரலாம். அதனால் ஊர்ச் சொல்தான் இங்கே சான்றிதழ்.

இணையத்தில் தேடுவதானால் கொஞ்சம் கவனம். 'சித்தூர் பூட்டு ரிப்பேர்' என்று தேடினால் ஆந்திராவில் இருக்கும் சித்தூர்க் கடைகளும் வந்து நிற்கலாம். லேண்ட்லைன் எண் இருந்தால் அதன் முன்னால் உள்ள எஸ்.டி.டி. கோடைப் பாருங்கள்: நம்ம சித்தூருக்கு 04923, பொள்ளாச்சிக்கு 04259, ஆந்திர சித்தூருக்கு 08572. கடையின் பெயர், தெரு, கடைமுன் போட்டோ எதுவும் இல்லாமல் ஒரு மொபைல் எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் எங்கோ உட்கார்ந்து போன் எடுத்து வேறு யாரையோ அனுப்பும் இடைத்தரகர். போனில் ஒரு விலை, வாசலில் வேறு விலை என்ற சண்டையெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

3. ஒரு சின்ன வேலையோடு நேரில் போங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. பீரோ சாவியோ கேட் சாவியோ எடுத்துக்கொண்டு போய் ஒரு டூப்ளிகேட் போடச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது, ஆளை அளந்துவிடலாம்.

சாவியே இல்லாத பழைய தொங்கு பூட்டு ஒன்று வீட்டில் கிடந்தால் இன்னும் நல்லது. வேலை தெரிந்த ஆள் அதற்குச் சாவி செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டு, அழுத்தி ஒரு திருப்பு திருப்பி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். லீவர் தகடு பட்ட இடத்தில் மயிரிழை போல ஒரு பளபளப்பு தெரியும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி உள்ளே, மறுபடி வெளிச்சம். பத்து முறையும் ஆகும், இருபது முறையும் ஆகும். அவசரப்பட்டு ஓர் இழுப்பு கூடிவிட்டால் அந்தச் சாவியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதைப் பொறுமையாகச் செய்கிறவர் உங்கள் கதவையும் உடைக்காமல்தான் திறக்கப் பார்ப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா? "இது யார் வீட்டுச் சாவிங்க?", "வாடகை வீடா, ஓனருக்குத் தெரியுமா?" என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு அப்படிக் கேட்கிறவரைத்தான் பிடிக்கும். நம்மிடம் ஒன்றும் கேட்காமல் சாவி போட்டுக் கொடுப்பவர், நாளை நம் சாவியோடு யாராவது வந்தாலும் கேட்க மாட்டார். சோப்பில் அச்சு எடுத்து வந்தவனுக்குச் சாவி போட்டுக் கொடுக்கும் ஆளிடம் வேலையே வேண்டாம்.

அவர் சரி என்று தோன்றினால் பெயர், எண், ராத்திரி வருவாரா, ஹர்த்தால் அன்று என்ன செய்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் கடையடைப்பு என்றால் பொள்ளாச்சியில் ஓர் ஆளின் எண்ணும் கையில் இருப்பது நல்லது.

4. கூப்பிடும்போது சொல்ல வேண்டியது

பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். இப்படிப் பேசலாம்:

"அண்ணா, வேலந்தாவளத்துல இருந்து பேசறேங்க. முன்கதவு, உள்ளே பதிச்ச பூட்டு, குழிச் சாவி. சாவி வீட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. வந்து போற கூலியோட எவ்வளவு ஆகும்ங்க? பூட்டு மாத்தற மாதிரி ஆனா எவ்வளவு?"

மலையாளம் பேசும் ஆள் என்றால் அண்ணாவுக்குப் பதில் சேட்டா, அவ்வளவுதான் வித்தியாசம். "வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்பது நியாயமான பதில்தான். ஆனால் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று ஒரு கணக்காவது சொல்ல வேண்டும். அதுவும் சொல்லாதவரை விட்டுவிட்டு அடுத்த எண்ணைப் பாருங்கள்.

குழந்தையோ முடியாதவரோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் பூட்டுக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம், 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். எல்லையோரத்தில் செல்போன் சில நேரம் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

5. ஆள் வந்த பிறகு

வந்ததும் ஆதாரோ கரண்ட் பில்லோ கேட்டால் காட்டுங்கள். அது உள்ளே மாட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள், அவரே சாட்சி. தனியாக இருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்தத் துணை வேறு வகையிலும் உதவும்.

வந்தவர் பூட்டைச் சரியாகப் பார்க்காமலே டிரில் மெஷினைக் கையில் எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். துளை போடுவது கடைசி வழி. அப்படிப் போட்டே ஆக வேண்டும் என்றாலும் சிலிண்டர் (சாவி நுழையும் உருளை) வைத்த பூட்டில் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவின் ஓரத்தில் இருக்கும் ஒரு திருகாணியைக் கழற்றினால் அது தனியாக வந்துவிடும். "முழுப் பூட்டும் போச்சு" என்று சொன்னால் எது போச்சு என்று காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசை ஜிபேயில் கொடுங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பது பெயரோடு போனில் இருக்கும். பில் தந்தால் இன்னும் நல்லது.

6. அப்புறம்

சாவி வீட்டுக்குள் மாட்டியிருந்தால் கதவு திறந்ததோடு வேலை முடிந்தது. வெளியே தொலைந்திருந்தால் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். லீவர் பூட்டு என்றால் தகடுகளை மாற்றி அடுக்கிப் புதுச் சாவி போட்டுத் தரச் சொல்லலாம். எத்தனை சாவி செய்தார் என்று எண்ணி வாங்குங்கள், பாதியில் வீணான சாவி உட்பட.

பின்னால் வீட்டில் ஏதாவது திருட்டு போய் சந்தேகம் வந்தால், ஆள் பொள்ளாச்சிக்காரர், வீடு கேரளத்தில் என்று குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி இத்தகைய குற்றத்துக்கு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் பொறுப்பு.

இந்த ஆளிடம் போகக் கூடாத வேலைகள்

பேங்க் லாக்கர் சாவி தொலைந்தால் நேராக பேங்குக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்களே ஆள் வைத்து உடைப்பார்கள், செலவு உங்களுடையது. சிப் வைத்த கார் சாவிக்கு வெறும் வெட்டு போதாது, வண்டியோடு சேர்த்து புரோகிராம் செய்ய வேண்டும். அந்த மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு போங்கள், இல்லையென்றால் கம்பெனி ஷோரூம். டூவீலர் சாவிக்கு பஸ் ஸ்டாண்டு சாவிக் கடையே போதும், ஆனால் அங்கும் ஆர்.சி. கையில் இருக்கட்டும்.