வான் மானெனின் பாலேக்களை எந்த வரிசையில் பார்ப்பது, எதைக் கவனிப்பது

டச்சு நடன அமைப்பாளர் ஹான்ஸ் வான் மானென் படைப்புகளில் கதையைத் தேடினால் ஐந்தே நிமிடத்தில் சலிப்புத் தட்டும். ராஜகுமாரியும் இல்லை, அன்னப்பறவையும் இல்லை. மேடையில் இரண்டு பேர், அவர்களுக்குள் ஒரு இழுபறி, அவ்வளவுதான். அதனால் கால்களை விட்டுவிட்டுக் கண்களைப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார், யார் முதலில் பார்வையை விலக்குகிறார் என்பதில்தான் எல்லாம் நடக்கிறது.

1932இல் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஊரில் பிறந்தவர். நாடக அரங்கில் ஒப்பனை, சிகை வேலை பழகி, 1950களின் தொடக்கத்தில் சோனியா காஸ்கெலின் பாலே குழுவில் ஆடவந்தார். 1957இல் முதல் நடன அமைப்பு. 1960களில் நெடர்லண்ட்ஸ் டான்ஸ் தியேட்டர் என்ற நடனக் குழுவின் கலை இயக்குநர்களில் ஒருவர். 1973இல் டச்சு தேசிய பாலே குழுவுக்கு வந்தார்.

'சார்காஸ்மன்' (1981) சிறியது, தொடங்க ஏற்றது. இசை புரோகோஃபியெவ், பியானோக்காரர் மேடையிலேயே இருப்பார். ஆண் பந்தா காட்டும்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதி போய்விடும். சும்மா நிற்பதுபோல் தெரியும் பெண்ணின் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து 'ட்வைலைட்' (1972). கம்பிகளுக்கிடையே திருகாணி, ரப்பர் எல்லாம் செருகிய பியானோவில் ஜான் கேஜின் இசை. பெண் அணிந்திருப்பது பாலே காலணி அல்ல, குதிகால் உயர்ந்த செருப்பு. அதை அவள் எப்போது கழற்றுகிறாள் என்று பாருங்கள். உடம்பின் எடை அந்த நொடியில் மாறும், சண்டையின் தொனியும் மாறும்.

இதற்குப் பிறகே 'அடாஜியோ ஹாமர்கிளாவியர்' (1973). மூன்று ஜோடிகள், பீத்தோவனின் 'ஹாமர்கிளாவியர்' பியானோ சொனாட்டாவின் (படைப்பு எண் 106) மூன்றாம் பகுதி. வான் மானென் எடுத்துக்கொண்டது பியானோ கலைஞர் எஷன்பாக்கின் மிக மெதுவான பதிவு. அந்த வேகத்தில் எதையும் மறைக்க முடியாது. ஒரு காலைத் தூக்கி நிறுத்துகையில் நடுக்கம் இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். முதலில் இதைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று விலகியவர்கள் நிறைய. இசையை மட்டும் ஒருமுறை தனியாகக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

'லைவ்' (1979) கடைசியில். முதன்முதலில் ஆம்ஸ்டர்டாமின் காரே அரங்கில் நடந்தது. நடனக்காரி, கேமராக்காரர், பெரிய திரை, லிஸ்ட்டின் பியானோ இசை. மேடையில் அவள் தொலைவில் இருப்பாள், திரையில் அவள் கைவிரல் அருகில் வரும்; கண் இரண்டுக்கும் மாறி மாறிப் போகவேண்டும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவேண்டியிருக்கும் முன்வரிசை இதற்குச் சரிப்படாது, நடுவரிசையில் டிக்கெட் எடுங்கள். பதிவாகப் பார்த்தால் எதைக் காட்டுவது என்று படத்தொகுப்பாளரே முடிவுசெய்துவிடுவார். பாதி விளையாட்டு அங்கேயே போச்சு. ஒரு கட்டத்தில் அவள் அரங்கைவிட்டு முன்கூடத்துக்குப் போவாள், கேமராவும் பின்னாலேயே போகும். மேடை காலி. முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். மேலங்கி போட்டுக்கொண்டு கதவைத் திறந்து அவள் தெருவில் இறங்கி நடப்பது திரையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.