லாங்-ஈஸி பின்சக்கர அகலமும் டோ-இன்னும்: நான் சரிசெய்த முறை

லாங்-ஈஸி வீட்டிலேயே கட்டும் சிறு விமானம். அதன் பிரதான லேண்டிங் கியர் (சக்கரங்களைத் தாங்கும் கால்) வில்போல வளைந்த ஒரே ஃபைபர் கிளாஸ் துண்டு. எடை ஏறினால் விரியும். சக்கரக் கோணமும், அதாவது டோ-இன்னும் (சக்கரத்தின் முன்பக்கம் சற்று உள்நோக்கித் திரும்பியிருப்பது), கூடவே மாறும். அதனால் விமானத்தைத் தூக்கி வைத்து அளந்த அகலத்தை நம்பவே கூடாது.

மூக்கிலும் ஃபயர்வால் (எஞ்சினுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவர்) நடுவிலும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸ் நூலால் நடுக்கோடு அடித்தேன். ஒவ்வொரு டயருக்கும் அடியில் இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் கிரீஸ். இது இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும், கால் முழுதாக விரியாது. பிறகு பறக்கும் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, நன்றாக ஆட்டிவிட்டு, லாஞ்சரானை (உடலின் நீளவாட்டில் ஓடும் சட்டம்) மட்டம் பார்த்தேன். மூக்கு தாழ்ந்திருந்தால் டோ அளவே பொய்யாகிவிடும். நடுக்கோட்டிலிருந்து இரு சக்கரமும் சமதூரம் இருக்க வேண்டும்.

சக்கர அச்சைப் பொருத்தும் ஆக்சில் தட்டில் 600 மி.மீ. அலுமினிய ஆங்கிளைக் கிளாம்ப் செய்து, அதன் இரு முனையையும் நடுக்கோட்டிலிருந்து அளக்கலாம். முன்முனை பின்முனையைவிட 2.6 மி.மீ. உள்ளே இருந்தால் கால் (0.25) டிகிரி டோ-இன். எனக்கு அதுவே போதும்.

குறைந்தால் ஆக்சில் தட்டுக்கு அடியில் சரிவாக வெட்டிய ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வாஷர் அடுக்கினால் போல்ட் வளையும். ஷிம் தடிமனுக்கு ஏற்ப நீளமான போல்ட் தேவை. ஏஎன்4 (கால் இன்ச் விமான போல்ட்) என்றால் நட்டை முறுக்க 50–70 இன்ச்-பவுண்டு.

பிரேக் சூடு எபாக்சியை இளக்கி வில்லை நிரந்தரமாக விரித்துவிடும். வெப்பத் தடுப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள்.