‘பாலிஷ்’ என்று மட்டும் கேட்காதீர்கள்

கடையில் ‘பாலிஷ் கொடுங்க’ என்றால் எது வரும் என்பது அந்தக் கடையைப் பொறுத்தது. பெயர் ஒன்று, வேலை இரண்டு: மேலே பூசுவது, தேய்த்து எடுப்பது. ஷூ பாலிஷ் மெழுகுப் பூச்சு. பித்தளைக்கான மெட்டல் பாலிஷில் நுண்ணிய தூள் இருக்கும். அது உலோகத்தையே துளித்துளியாய்த் தேய்க்கிறது. துணி கறுப்பது அதனால்தான். முலாம் பூசிய நகையில் அதைப் போட்டால் முலாமே போய்விடும். அரிசிக்குப் பாலிஷ் என்றால் தவிட்டை நீக்குவது.

மரத்துக்குப் போடும் பிரெஞ்ச் பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஒரு லிட்டருக்கு 250 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பொட்டணத்தால் மெல்லிசாக, கை நிற்காமல் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் துணி ஒட்டித் தழும்பு விழும். மழைநாளில் அடித்தால் ஈரம் பிடித்து வெளுத்துவிடும். சூடான டம்ளர் வைத்தாலும் வெள்ளை வளையம்தான், ஆகவே சாப்பாட்டு மேசைக்கு இது சரிப்படாது. பக்கத்தில் நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். அசிட்டோன் சிந்தினால் பூச்சு கெடும்.

ஆங்கிலத்தில் ‘polish’ என்ற சொல்லைப் படிக்கும்போது முதல் எழுத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தென்றால் பெரும்பாலும் ‘போலிஷ்’, அதாவது போலந்து நாட்டவர் அல்லது அவர்கள் மொழி. வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் இந்த அடையாளம் உதவாது.