விமானம் அவசரமாக இறங்கினால் உயிரோடு வெளியே வருவது எப்படி? முதல்முறை பறப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"விமானம் விழுந்தா எல்லாம் முடிஞ்சது, அப்புறம் எதுக்கு அந்த ஏர் ஹோஸ்டஸ் கை ஆட்டுறதைப் பார்க்கணும்?" என்று கேட்பவர்கள் எல்லா விமானத்திலும் பத்துப் பேராவது இருப்பார்கள். உண்மை நிலவரம் வேறு. அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் 1983 முதல் 2000 வரை அங்கே நடந்த பயணிகள் விமான விபத்துகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் இருந்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் பிழைத்திருந்தார்கள். அகமதாபாத்தில் 2025 ஜூனில் நடந்தது போன்ற விபத்தில் நாம் எதைக் கற்று வைத்திருந்தாலும் பெரிதாகப் பயனில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ரன்வேயை விட்டு ஓடுவது, டயர் வெடிப்பது, இன்ஜினில் தீப்பிடிப்பது, வயிற்றுப் பக்கமாகத் தரையில் உரசி நிற்பது போன்றவற்றில் பயணிகள் மோதலைத் தாண்டி விடுகிறார்கள், அதற்குப் பிறகு வரும் புகையில்தான் பலர் போய்விடுகிறார்கள். 1985 ஆகஸ்டில் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 தரையை விட்டு எழும்பவே இல்லை, ஓடும்போதே இன்ஜின் தீப்பிடித்து நின்றது, ஆனாலும் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால்.

ஆக, இந்தப் பதிவு விமானம் நின்ற பிறகு வரும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களைப் பற்றியது. அதற்கான தயாரிப்பு வீட்டிலேயே தொடங்குகிறது.

1. கிளம்பும் முன்: உடையும் சட்டைப்பையும்

பருத்தி உடை போடுங்கள். நைலான், பாலியஸ்டர் எல்லாம் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். ஸ்லைடில் (அவசரத்தில் கதவிலிருந்து விரியும் காற்றடைத்த சறுக்குப் பாதை) சறுக்கும்போது உரசலிலும் காயம் வரும், அதனால் முழுக்கை, முழுக்கால் மூடிய உடை நல்லது. புடவைதான் வசதி என்பவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளத் தெரிந்து வைத்திருந்தால் போதும். காலில் கட்டி அணியும் ஷூ. ஹவாய் செருப்பு முதல் அடியிலேயே கழன்றுவிடும், அப்புறம் கண்ணாடித் துண்டும் சூடான உலோகமும் கிடக்கும் இடத்தில் வெறுங்காலோடு ஓட வேண்டிவரும். நடுவானில் ஷூவைக் கழற்றி வைப்பது தப்பில்லை, கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் போட்டிருங்கள். விபத்துகள் பெரும்பாலும் அந்த இரண்டு நேரத்தில்தான் நடக்கின்றன.

இதைவிட முக்கியம், பாஸ்போர்ட், போன், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை மூன்றையும் மேலே வைக்கும் பையில் போடாதீர்கள். பேன்ட் பாக்கெட்டிலோ கழுத்தில் மாட்டும் சின்னப் பையிலோ உடம்போடு இருக்கட்டும். காரணம் ஆறாவது படியில் வருகிறது.

2. இருக்கையில் உட்கார்ந்ததும்: எண்ணுங்கள்

எல்லாரும் ஜன்னல் வழியாகப் படம் எடுக்கும் நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, உங்களுக்கு முன்னால் இருக்கும் அவசர வழிக்கும் பின்னால் இருக்கும் அவசர வழிக்கும் எத்தனை வரிசை என்று எண்ணுவது. கண்ணால் மட்டும் எண்ணாமல், நடந்து வரும்போதே இருக்கைகளின் மேல்பக்கத்தைக் கையால் தொட்டு எண்ணுங்கள். புகை நிறைந்தால் கண் உதவாது, கைதான் "ஆறு, ஏழு, இங்கே வழி" என்று சொல்லும். இரண்டு திசையையும் எண்ணச் சொல்வதற்குக் காரணம், ஒரு பக்கம் தீ இருந்தால் அந்த வழியைத் திறக்கவே மாட்டார்கள். நாம் ஏறி வந்த கதவுதான் அருகில் இருக்கும் என்றும் இல்லை. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் 72ல் பயணிகள் ஏறுவதே வால் பக்கம், அதில் முன்வரிசைக்காரர் ஏறிய வழியை நோக்கி ஓடினால் மொத்த விமானத்தையும் கடக்க வேண்டும்.

அகமதாபாத் விபத்தில் தப்பிய ஒரே பயணி 11ஏ-யில் இருந்தார் என்று செய்தி வந்ததும் பலர் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து பதிவு செய்கிறார்கள். அந்த விமானத்தில் அந்த இருக்கை அவசர வழியின் பக்கத்தில் இருந்தது. இன்னொரு ரக விமானத்தில் அதே எண் வழியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம். எண்ணுக்குப் பணம் கட்டாதீர்கள், வழிக்குக் கட்டுங்கள்.

அப்புறம் இருக்கைக்கு அடியில் கையை விட்டு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள். முன் இருக்கையின் பின்பக்கப் பையில் உள்ள பாதுகாப்பு அட்டையை ஒரு தடவை புரட்டுங்கள், கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று அதில் படமே இருக்கும்.

3. பெல்ட்

பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல், தாழ்வாக, இறுக்கமாக. தொளதொளவென்று இருந்தால் மோதலில் உடம்பு முன்னே பாய்ந்து பெல்ட் வயிற்றை அழுத்தும். 2013ல் சான்பிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம் மோதியபோது 307 பேரில் மூன்று பேர் இறந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் பெல்ட் போடாததால் வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள்.

கழற்றுவதையும் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பதற்றத்தில் கை, தினமும் பழகிய காரின் பெல்ட்டைத் தேடும், கட்டை விரல் பொத்தானை அழுத்தப் பார்க்கும். விமான பெல்ட்டில் பொத்தானே கிடையாது, மேல் மூடியைத் தூக்க வேண்டும். ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு தூக்கத் தெரிந்தால் சரி.

4. "பிரேஸ், பிரேஸ்" என்று கத்தினால்

அவசர நேரத்தில் தமிழில் அறிவிப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களை அனுப்புகிறீர்கள் என்றால் இரண்டு சொற்களை முன்பே சொல்லிக் கொடுங்கள்: "பிரேஸ்" என்றால் குனிந்து கொள், "எவாக்குவேட்" என்றால் உடனே வெளியேறு.

குனிவது இப்படி: பின்பக்கத்தை இருக்கையின் முதுகோடு ஒட்டி உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதுவும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால். காலை முன்னே நீட்டினால் மோதலில் அது முன் இருக்கைக்கு அடியில் பாய்ந்து எலும்பு முறியும், கால் முறிந்தவரால் வெளியே ஓட முடியாது. இடுப்பிலிருந்து குனிந்து, தலையை முன் இருக்கையின் பின்புறத்தில் சாய்த்து வையுங்கள். கைகளைத் தலையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள், விரல்களைக் கோர்க்க வேண்டாம். நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடக்கை மேலே. ஏதாவது விழுந்து அடித்தால் இடக்கை அடிபடட்டும், பெல்ட்டைக் கழற்ற வலக்கை வேண்டும். முன் இருக்கை எட்டவில்லை என்றால் தலையை முழங்காலை நோக்கித் தாழ்த்துங்கள்.

இந்த நிலையில் உட்காரச் சொல்வது சீக்கிரம் சாகட்டும் என்பதற்காகத்தான் என்று ஒரு வாட்ஸ்அப் வதந்தி ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. சுத்தப் பொய். 1989ல் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே 737 ஒன்று விழுந்து, 126 பேரில் 79 பேர் பிழைத்தார்கள். அவர்களுக்கு எங்கெங்கே, எப்படி அடிபட்டது என்று ஆராய்ந்துதான் இந்த நிலையை மேலும் சீராக்கினார்கள்.

முதல் குலுக்கலோடு நிமிர்ந்துவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது மோதலும் வரலாம். முழுதாக நிற்கும் வரை அப்படியே இருங்கள்.

5. நின்றதும் ஒரு கணம்

அவசரமாகத் தரையிறங்கிய எல்லா நேரமும் ஓட வேண்டியதில்லை. இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம், வெளியே தீ இருக்கலாம். விமானக் குழுவின் உத்தரவுக்காகக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது ஒலிபெருக்கியில்தான் வரும் என்றில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 விமானம், ரன்வேயில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தில் மோதி எரிந்தபோது உள்ளே ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் வழி காட்டினார்கள். எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. அந்த விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள், மற்ற விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள்.

அவசர வழியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வேலை கூடுதல்: திறக்கும் முன் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும். தீ தெரிந்தால் திறக்கக் கூடாது, திறந்தால் தீ உள்ளே வரும்.

தலைகீழாகக் கவிழ்ந்து தொங்கினால்? 2025 பிப்ரவரியில் டொரொண்டோவில் அப்படியே ஆனது, 80 பேரும் பிழைத்தார்கள். பெல்ட்டை உடனே தூக்கினால் தலை குத்தி விழுவீர்கள். ஒரு கையை இப்போது தரையாகிவிட்ட கூரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு மறு கையால் கழற்றுங்கள்.

6. பையைத் தொடாதீர்கள்

இந்தப் படியைத்தான் நம்மவர்கள் சத்தியமாகக் கேட்க மாட்டார்கள். சாதாரண நாளிலேயே சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று மேல் பெட்டியைத் திறப்பவர்கள் நாம். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாய் ரன்வேயில் மோதி, புகை உள்ளே வந்துகொண்டிருக்கும்போது சிலர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த வீடியோவை உலகமே பார்த்தது, லேப்டாப்பைத் தேடும் குரல் கூட அதில் கேட்கும். 300 பேரும் தப்பியது உண்மைதான். ஆனால் விமானம் நின்று ஏறக்குறைய 9 நிமிடத்தில் நடு எரிபொருள் தொட்டி வெடித்தது, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

ஒரு புது ரக விமானத்தைப் பறக்க அனுமதிக்கும் முன், பாதிக் கதவுகள் மூடியிருக்க, எல்லாரும் 90 விநாடியில் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் கணக்கில் யார் கையிலும் பெட்டி கிடையாது. ஒருவர் பெட்டியை இறக்க ஐந்து விநாடி எடுத்தால், அவர் இழப்பது தன் ஐந்து விநாடியை மட்டுமல்ல, நடைபாதையில் பின்னால் நிற்கும் அத்தனை பேரின் ஐந்து விநாடியை. சக்கரம் வைத்த பெட்டி ஸ்லைடைக் கிழிக்கவும் கிழிக்கும், கிழிந்தால் அந்த வழியே போச்சு. நகை, சான்றிதழ், மடிக்கணினி எதுவாக இருந்தாலும் மேலேயே கிடக்கட்டும். பாஸ்போர்ட்தான் ஏற்கனவே பாக்கெட்டில் இருக்கிறதே.

7. புகைக்குள்

குனிந்து போங்கள், புகை மேலேதான் அடர்த்தியாக நிற்கும். ஆனால் நெரிசலில் தவழ்ந்தால் மிதிபடுவீர்கள். கைக்குட்டையை நனைக்க முடிந்தால் மூக்கில் வையுங்கள், தண்ணீர் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். தரையில் ஓடும் ஒளிக்கோட்டைப் பின்பற்றுங்கள். மேலிருந்து விழும் ஆக்சிஜன் மாஸ்க் புகைக்கு உதவாது, அது கேபின் காற்றையும் கலந்துதான் தரும். அது உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது பயன்படும் பொருள்.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். குடும்பம் வேறு வேறு வரிசையில் இருந்தால், கூட்டத்தை எதிர்த்து நடந்து ஒருவரை ஒருவர் தேடக் கூடாது, வெளியே சந்திப்போம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சொல்ல எளிது, செய்யக் கடினம். அதனால்தான் முன்பே பேசச் சொல்கிறேன்.

8. ஸ்லைடும் தண்ணீரும்

கதவின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாக இறங்கப் பார்க்காதீர்கள், குதியுங்கள். கால்கள் சேர்ந்து, கைகள் மார்பில் குறுக்காக. குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். ஹை ஹீல்ஸ் ஷூ போட்டிருந்தால் அதை வாசலிலேயே உதறிவிடுங்கள். தயங்கினால் பணிப்பெண் பின்னாலிருந்து தள்ளிவிடுவார், கோபப்பட வேண்டாம், அது அவர் வேலை.

தண்ணீரில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே போட்டுக்கொள்ளலாம், ஆனால் காற்றை அடைப்பது கதவைத் தாண்டும்போதுதான். 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பியன் விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிய பலர், தண்ணீர் ஏறியபோது கூரையோடு மிதந்து மாட்டிக்கொண்டார்கள், மூழ்கி வழியை அடைய ஜாக்கெட் விடவில்லை.

9. வெளியே வந்ததும்

ஸ்லைடின் அடியில் நிற்காதீர்கள், அடுத்தவர் உங்கள் மேல் விழுவார். காற்று வரும் திசையை நோக்கி, புகைக்கு எதிர்ப்பக்கமாக நூறு மீட்டராவது விலகி ஓடுங்கள். ஓடும்போது தீயணைப்பு வண்டிகளைக் கவனியுங்கள், சான்பிரான்சிஸ்கோவில் தரையில் கிடந்த பயணி மீது அப்படி ஒரு வண்டி ஏறியது. எல்லாரும் ஒரே இடத்தில் கூடுங்கள், தனியாக டெர்மினலை நோக்கி நடக்கத் தொடங்கினால் தலை எண்ணுபவர்கள் நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்து, உங்களைத் தேட யாரையாவது தீக்குள் அனுப்புவார்கள். சிகரெட் வேண்டாம், சுற்றிலும் எரிபொருள் சிந்தியிருக்கும். அடிபடவில்லை என்று தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், புகையை இழுத்தவருக்கு மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அப்புறம் வீட்டுக்கு ஒரு போன்.