சாய்ந்து நின்ற சிகரம்

220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் படலம். அதில் வரிசையாகத் துளைகள். நடுவில் மூன்று துளைகளை மட்டும் போடாமல் விட்ட இடம்தான் ஒளி சிறைப்படும் குழி. 1550 நானோமீட்டர் அருகே லேசரின் அலைநீளத்தை மெல்ல ஏற்றி, குழியின் க்யூ மதிப்பை (ஒளியை அது எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதன் அளவு) அளக்க உட்கார்ந்தேன். வரைகோட்டில் சமச்சீரான சிகரத்துக்குப் பதிலாக ரம்பப் பல் மாதிரி ஒன்று வந்தது: சரிவாக ஏறி, சட்டென்று விழுந்தது.

துளைகளைச் செதுக்கியதில் பிழை என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். அப்புறம்தான் அலைநீளத்தை எதிர்த்திசையில் இறக்கிப் பார்க்கத் தோன்றியது. சிகரம் வேறு இடத்தில், வேறு வடிவில் இருந்தது. செதுக்கல் பிழையென்றால் திசைக்கேற்ப வடிவம் மாறாதே!

காரணம் வெப்பம். இந்த அலைநீளத்தில் ஒரு போட்டானின் ஆற்றல் 0.8 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் ஒளியை உட்கவரத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது பட்டை இடைவெளி, 1.12. தனியாக வரும் போட்டான் தப்பிவிடும். இவ்வளவு சின்ன இடத்தில் ஒளி குவிந்தாலோ, இரண்டிரண்டாக உட்கவரப்படும். அந்தச் சூடு காற்றில் தொங்கும் படலத்தை விட்டு எளிதில் போகாது. ஒளிவிலகல் எண் கூடி, குழியின் ஒத்ததிர்வு (அது ஒளியைப் பிடிக்கும் அலைநீளம்) நீண்ட அலைநீளப் பக்கம் நகர்கிறது. அலைநீளத்தை ஏற்றும்போது லேசர் அதைத் துரத்துகிறது; அதனால்தான் சிகரம் சாய்கிறது.

முதலில் லேசரின் மின்னோட்டத்தைக் குறைத்தேன். தப்பு, இரைச்சல்தான் கூடியது. சரி என்று லேசரை அப்படியே விட்டு, சிப்புக்கு முன்னால் ஒளித் தணிப்பான் வைத்து, இரு திசைக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை திறனை இறக்கினேன். சிக்னல் மங்கியதால், அதை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியும் தேவைப்பட்டது. கடைசியில் சிகரத்தின் அகலம் 31 பிக்கோமீட்டர்; அலைநீளத்தை அதால் வகுத்தால் க்யூ சுமார் 50,000.