அமெரிக்கா புடிச்ச தீவுகளை குழப்பிக்காம படிக்கிறது எப்படி

இந்த டாபிக்கை எடுக்குற எல்லாரும் 1898 ஸ்பெயின் போர்ல ஆரம்பிச்சு, எந்தக் கப்பல் எங்க வெடிச்சுதுன்னு பாத்துக்கிட்டே பாதியில தூங்கிடுவாங்க. போரை விடுங்க, அது நாலு மாசம் கூட நடக்கல. அதுக்கப்புறம் நடந்த ஆட்சிதான் குழப்பமே.

ஒரு பேப்பர்ல ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ், அமெரிக்கன் சமோவா, வர்ஜின் தீவுகள்னு எழுதிக்கோங்க. கியூபாவை எழுதாதீங்க, அதை இணைச்சுக்க மாட்டோம்னு போருக்கு முன்னாடியே அமெரிக்க காங்கிரஸ் (அவங்க நாடாளுமன்றம்) சொல்லிடுச்சு (கியூபாவுல இருக்குற குவாண்டனாமோவை மட்டும் 1903ல குத்தகைக்கு வாங்கிக்கிட்டாங்க, அது தனிக்கதை).

இப்ப ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல, எப்படி கைக்கு வந்துச்சுன்னு எழுதுங்க. போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூணும் 1898 டிசம்பர் பாரிஸ் ஒப்பந்தத்துல ஸ்பெயின் கொடுத்தது, பிலிப்பைன்ஸுக்கு மட்டும் 2 கோடி டாலர் கொடுத்தாங்க. ஹவாய்ல ராணி லிலியுவோகலானியை 1893லயே கவுத்துட்டாங்க, இணைச்சது 1898ல. சமோவா ஜெர்மனியோட பங்கு போட்டது. வர்ஜின் தீவுகள் 1917ல டென்மார்க்கிட்ட 2.5 கோடி டாலருக்கு வாங்கினது.

அடுத்து யார் ஆண்டாங்கன்னு பாருங்க. குவாமும் சமோவாவும் ரொம்ப காலம் நேவி கையில இருந்துச்சு, நடுவுல ஜப்பான்காரன் குவாமை புடிச்சு வச்சிருந்ததை கழிச்சா 1950 வரைக்கும் குவாம், 1951 வரைக்கும் சமோவா. பிலிப்பைன்ஸ்ல ஒரு பக்கம் விடுதலைப் போராட்டத் தலைவர் அகினால்டோவோட ஆளுங்களோட சண்டை நடந்துக்கிட்டே இருக்கு, இன்னொரு பக்கம் பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான டாஃப்ட் 1901ல சிவில் கவர்னரா உக்காந்துட்டாரு. போர்ட்டோ ரிக்கோவுக்கு 1900ல சிவில் ஆட்சி வந்துச்சு, ஆனா கவர்னரை அந்த மக்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்தது 1948லதான்.

இதெல்லாம் ஏன் இப்படின்னு புரியணும்னா ஒரு ஆரஞ்சுப் பழ கேஸை படிச்சே ஆகணும், நான் இதைத்தான் முதல்ல படிக்கச் சொல்லுவேன். போர்ட்டோ ரிக்கோல இருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சு கொண்டு வந்த டவுன்ஸ்ங்கிற வியாபாரிக்கிட்ட 659 டாலர் சொச்சம் சுங்க வரி வாங்கிட்டாங்க, அவரு எங்க நாட்டுக்குள்ளயே எடுத்துட்டு வர்ற சரக்குக்கு எதுக்கு வரின்னு கோர்ட்டுக்குப் போயிட்டாரு. 1901ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு தீர்ப்பு சொல்லுச்சு: அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனா இந்த வரி விஷயத்துல அது அமெரிக்காவோட ஒரு பகுதி கிடையாது! கொடி பறக்கும், அரசியல் சட்டம் முழுசா வராது. அன்னைக்கு விழுந்த கோடு இன்னும் அழியல.

கடைசியா குடியுரிமை வருஷம்: ஹவாய் 1900, போர்ட்டோ ரிக்கோ 1917, வர்ஜின் தீவுகள் 1927, குவாம் 1950. பிலிப்பைன்ஸுக்கு கடைசி வரைக்கும் இல்ல, 1946ல சுதந்திரமே வந்துடுச்சு. சமோவால பொறந்தவங்களுக்கு இன்னைக்கும் பொறப்பால வர்றதில்ல, பாஸ்போர்ட்டிலயே 'குடிமகன் இல்ல'ன்னு குறிப்பு இருக்கும். 1959ல மாநிலமான ஹவாயைத் தவிர, இந்த லிஸ்ட்ல இப்ப அமெரிக்காகிட்ட இருக்குற எந்தத் தீவுல குடியிருந்தாலும் ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு கிடையாது.

புரிஞ்சுதான்னு பாக்க வட மரியானா தீவுகளை நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு க்ளூ, ஸ்பெயின் அதை 1899ல ஜெர்மனிக்கு வித்துடுச்சு, அங்கிருந்து புடிச்சு வாங்க.